நிகழ்தகவுப் பெட்டி: பொருள்களுக்காக வாங்குங்கள், கையேட்டை மூடி வையுங்கள்

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான புள்ளியியல், நிகழ்தகவு செயல்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொஞ்ச காலமாக என் கணக்கு வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயர்களில் வருகின்றன. உள்ளே இருக்கும் சாமான்களும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் தயாரித்தவர் பெயரை விட்டுவிட்டு, பொருள் பொருளாக எழுதுகிறேன். எது வகுப்பில் நிஜமாகவே வேலை செய்கிறது, எது அலமாரியில் தூங்கப் போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள்கள் நன்றாக இருக்கின்றன, இரண்டு மூன்று மிகவும் நன்றாக இருக்கின்றன. கூட வரும் ஆசிரியர் கையேடுதான் பிரச்சினை. ஒவ்வொரு செயல்பாட்டிலும் அது விடையை முதலில் சொல்லிவிட்டு, பிள்ளைகளை அதைச் சரிபார்க்கச் சொல்கிறது. பகடையில் ஒரு முகம் விழ நிகழ்தகவு 1/6 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அதற்குக் கீழே "உருட்டிப் பார்த்து உறுதி செய்க" என்கிறது. விடை தெரிந்த பிறகு உருட்ட எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்? ஒரு ஊகத்தை வாய்விட்டுச் சொல்லி, அதை எழுதியும் வைத்துவிட்டு உருட்டினால்தான், விழுகிற ஒவ்வொரு எண்ணையும் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டால் பெட்டி வேறு பெட்டியாகிவிடும்.

பகடையிலிருந்து தொடங்குகிறேன். பாதிப் பகடைகள் சிவப்பு, மீதி வெள்ளை. அழகுக்காகச் செய்த மாதிரி தெரியும். ஆனால் இந்த இரண்டு நிறம்தான் தயாரித்தவர்கள் மிகவும் யோசித்துச் செய்த காரியம் என்பேன். இரண்டு பகடையை உருட்டிக் கூட்டினால் 12 வர எத்தனை வழி என்று கேட்டால், "ஆறும் ஆறும், ஒரே வழி" என்று பதில் வரும். 11-க்கு? "ஐந்தும் ஆறும், அதுவும் ஒரே வழிதான்." அப்படியானால் இரண்டுக்கும் வாய்ப்பு சமம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படித் தவறாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, நுண்கணிதத்தை உருவாக்கிய லைப்னிட்ஸும் 11-க்கும் 12-க்கும் வாய்ப்பு சமம் என்றுதான் எழுதியிருக்கிறார். ஒரே நிறப் பகடைகளை வைத்துக்கொண்டு இதை விளக்குவது பெரும்பாடு. இந்தப் பெட்டியில் சிவப்பு 5, வெள்ளை 6 என்று ஒரு ஜோடியையும், பக்கத்திலேயே சிவப்பு 6, வெள்ளை 5 என்று இன்னொரு ஜோடியையும் மேசைமேல் வைத்தால் போதும். இரண்டும் வேறு வேறு என்பது பார்த்த உடனே புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 36 கட்டம் உள்ள அட்டவணையைப் பிள்ளைகளே போட்டுவிடுகிறார்கள், கூறுவெளி (வரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு) என்று நாம் தனியாக வகுப்பெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பகடையோடு ஒரு குதிரைப் பந்தயப் பலகை வருகிறது. 1 முதல் 12 வரை தடங்கள். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எதுவோ அந்தத் தடத்துக் குதிரை ஒரு கட்டம் நகரும். ஒன்றாம் தடத்தை அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் அதைத் தேர்ந்தெடுப்பார். எங்கள் வகுப்பில் அப்படி எடுத்த பையன் வெகுநேரம் பொறுமையாக இருந்துவிட்டு, "டீச்சர், என் குதிரை மட்டும் நகரவே மாட்டேங்குது" என்றான். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான், "ரெண்டு பகடையைக் கூட்டினா ஒண்ணு எப்படிடா வரும்?" என்று கேட்டாள். நடக்க முடியாத நிகழ்ச்சியின் நிகழ்தகவு பூச்சியம் என்ற வரி அன்றைக்குக் கரும்பலகையில் ஏறியபோது யாருக்கும் அதை மனப்பாடம் செய்யத் தேவை இருக்கவில்லை.

இந்த விளையாட்டின் பெரிய பலம், 7 எப்போதும் ஜெயிப்பதில்லை என்பது. "7-க்குத்தானே ஆறு வழி இருக்கு, அப்புறம் எப்படி 8 ஜெயிச்சது?" என்று கேள்வி வரும். 7-க்கு 36-ல் 6, ஆறாம் குதிரைக்கும் எட்டாம் குதிரைக்கும் 36-ல் ஐந்தைந்து. அந்த இரண்டில் ஏதோ ஒன்று வருவதற்கு 36-ல் 10 என்று கூட்டிக் காட்டினால், அதிக வாய்ப்பு என்பதற்கும் நிச்சயம் என்பதற்கும் உள்ள தூரம் தெளிவாகிவிடும். கையேடு இங்கே என்ன சொல்கிறது தெரியுமா? "7 வெற்றி பெறும். வேறு குதிரை வெற்றி பெற்றால் பந்தயத்தை மீண்டும் நடத்தவும்." எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எட்டாம் குதிரை ஜெயித்ததுதான் அன்றைய பாடம், அதை ஏன் அழிக்க வேண்டும்?

இதைவிட மோசமானது, ஒற்றைப் பகடைக்குக் கொடுத்திருக்கும் பயிற்சித் தாள். 30 முறை உருட்டி நேர்கோட்டுக் குறி போட்டு நிகழ்வெண் எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் "எதிர்பார்த்தது: 5" என்று ஒரு பத்தி, கடைசியில் "பிழை" என்று ஒரு பத்தி. தான் எண்ணியது 5 இல்லாவிட்டால் பிழை என்று எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்வாள்? ரப்பரை எடுப்பாள். குறிகளை அழித்து ஐந்தைந்தாக மாற்றுவாள். எல்லா முகமும் அச்சாக ஐந்து முறை விழுந்ததாக ஒரு தாள் வந்தால் ஆசிரியர் மகிழ்ந்துபோகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 உருட்டலில் ஆறு முகமும் சரியாக ஐந்தைந்து விழுவது சுமார் 2500-க்கு ஒரு முறை நடக்கிற காரியம். மேலும் கீழுமாக வருவதுதான் இயல்பு. ஒரு முகம் இரண்டே முறை விழுவதும், இன்னொன்று எட்டு முறை விழுவதும் இந்த எண்ணிக்கையில் சர்வசாதாரணம்.

அந்தத் தாளை நான் தூக்கிப் போடவில்லை. கடைசிப் பத்தியின் தலைப்பை மட்டும் "வித்தியாசம்" என்று மாற்றி நகலெடுத்துக்கொண்டேன். எல்லாக் குழுக்களின் பட்டை வரைபடத்தையும் சுவரில் வரிசையாக ஒட்டிவிடுகிறேன். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அப்புறம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே வரைபடம் போடச் சொல்கிறேன். பத்துக் குழு என்றால் 300 உருட்டல். ஒவ்வொரு முகமும் 50-ஐ ஒட்டி, பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் நடுவில் வந்து நிற்கும். தனித்தாளில் மலையும் பள்ளமுமாக இருந்தது மொத்தத்தில் சமதளத்தை நெருங்குவதைப் பிள்ளைகள் தங்கள் கையால் வரைந்தே பார்க்கிறார்கள். ஆசிரியர் வாயால் எத்தனை முறை சொன்னாலும் இந்தச் சுவருக்கு ஈடாகாது.

பகடை தரமானதா என்று கேட்பார்கள். குழி போட்ட சாதாரண பிளாஸ்டிக் பகடை. வெல்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 12 பகடைகளை 26,306 முறை உருட்டி வைத்த பதிவு ஒன்று உண்டு. அதில் 5 அல்லது 6 விழுந்தது 33.77 சதவீதம், அதாவது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூட. குழி அதிகம் உள்ள முகம் லேசாக இருப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். 1900-ல் கார்ல் பியர்சன் எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து கிடைத்தது எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் தன்னுடைய கை-வர்க்கச் சோதனையை விளக்க எடுத்துக்கொண்டதும் இந்தப் பதிவைத்தான். அத்தனை நுணுக்கமான சாய்வு ஒரு பாட வேளையில் வெளியே தெரியாது. ஆகவே பெட்டியில் வரும் பகடை தாராளமாகப் போதும்.

இனி, பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள்: மூடிய பாட்டில். உள்ளே பார்க்க முடியாத கறுப்பு பாட்டில், கழுத்து மட்டும் கண்ணாடி போல இருக்கும். உள்ளே ஐந்து மணிகள். குலுக்கிக் கவிழ்த்தால் ஒரே ஒரு மணி கழுத்தில் வந்து உட்காரும், அதன் நிறத்தை மட்டும் பார்க்கலாம். மறுபடி குலுக்கிக் கவிழ்க்கலாம். மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே எந்த நிறம் எத்தனை என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கீ புரூசோ 1970-களில் சின்னப் பிள்ளைகளோடு செய்து பார்த்த பரிசோதனையின் வழியில் வந்த யோசனை இது. அதை இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் இதைப் புதிராகத்தான் பார்ப்பார்கள். ஒரு குழு பத்து முறை கவிழ்த்து 7 சிவப்பு, 3 நீலம் என்று எழுதியது. ஒருத்தி "நாலு சிவப்பு, ஒரு நீலம்" என்றாள். அவள் தோழி "மூணு சிவப்பு, ரெண்டு நீலம்" என்றாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் சரி என்று என்னைக் கேட்டார்கள். இங்கே ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. மூன்று சிவப்பு உள்ள பாட்டிலில் பத்துக்கு ஏழு சிவப்பு வர வாய்ப்பு சுமார் 21 சதவீதம், நான்கு சிவப்பு உள்ள பாட்டிலில் சுமார் 20 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! அந்தப் பத்துக் கவிழ்ப்பை வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. "இன்னும் பார்த்தால்தான் தெரியும்" என்பதே நேர்மையான பதில், அதைத்தான் சொன்னேன். 100 முறை கவிழ்த்தால் மூன்று சிவப்பு உள்ள பாட்டில் 60-ஐ ஒட்டியும், நான்கு சிவப்பு உள்ளது 80-ஐ ஒட்டியும் நிற்கும், குழப்பத்துக்கு இடம் குறைந்துவிடும். இத்தனை முறை பார்க்க வேண்டும் என்பதை அவர்களே கேட்டு வாங்கினார்கள். மாதிரியின் அளவு ஏன் முக்கியம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படித்திருந்தால் இந்த அவசரம் அவர்களுக்கு வந்திருக்காது.

இதே பாட்டிலில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. 20 முறை கவிழ்த்தும் வெள்ளை வரவில்லை, அப்படியானால் வெள்ளை இல்லவே இல்லை என்று சொல்லலாமா? ஒரு வெள்ளை மணி இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அது தப்பிக்க வாய்ப்பு ஐந்தில் நாலு. கால்குலேட்டரில் 0.8-ஐ 20 முறை பெருக்கச் சொல்லுங்கள். 0.0115 வரும், நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்று அதிகம். "அப்போ இல்லைன்னே வெச்சுக்கலாம், ஆனா சத்தியம் பண்ண முடியாது" என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன் சொன்னான். புள்ளியியல் படித்த பெரியவர்கள் பலரும் இதைவிடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அச்சடித்து, வகுப்பு முடியும்போது விடையைச் சொல்லிவிடச் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தனியாக வைத்துவிடுங்கள். விடை கடைசியில் வரும் என்று தெரிந்துவிட்டால், பிள்ளைகள் ஆதாரத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பார்கள். தேர்தல் கருத்துக்கணிப்பானாலும் மருந்துப் பரிசோதனையானாலும், தெரிந்ததை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதுதான் கேள்வி. மூடி திறக்காத பாட்டில் அதை இந்த வயதிலேயே பழக்கிவிடுகிறது.

ஒரே எச்சரிக்கை, நன்றாகக் குலுக்க வேண்டும். சும்மா நிமிர்த்திக் கவிழ்த்தால் அதே மணி திரும்ப வந்து உட்காருகிறது. அப்படி எடுத்த கணக்கு ஒரு நிறத்துக்கு அநியாயமாகச் சாய்ந்துவிடும். எண்ணிக்கை எழுதுபவர் ஒருவர், குலுக்குபவர் ஒருவர், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்பவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தால் சரியாக நடக்கும்.

ஸ்பின்னர்கள், அதாவது நிறம் பிரித்த வட்டத்தின்மேல் முள்ளைச் சுழற்றிவிடும் அட்டைகள், சுமார்தான். ஊசி இறுக்கமாக இருக்கிறது, அட்டை நாளடைவில் வளைந்துவிடுகிறது, மேசை சரிவாக இருந்தால் முள் ஒரே பக்கம் போய் நிற்கிறது. ஆனால் வடிவமைப்பு நல்ல வடிவமைப்பு. ஒரு வட்டத்தில் சிவப்பு பாதி ஒரே துண்டாக இருக்கிறது, இன்னொன்றில் அதே பாதி நான்கு துண்டாகச் சிதறி இருக்கிறது. எதில் சிவப்பு வர வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். அந்தச் சண்டைக்காகவே வட்டங்களை வைத்துக்கொள்ளலாம். வளைந்துபோன ஸ்பின்னரையும் எறிய வேண்டாம், "இது நியாயமான ஸ்பின்னரா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று ஒரு குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

நாணயத்துக்கு லேசான பிளாஸ்டிக் வில்லை கொடுத்திருக்கிறார்கள். சுண்டினால் சரியாகச் சுழல்வதில்லை, உண்மையான நாணயமே மேல். கையேட்டில் நாணயத்துக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. சுண்டச் சுண்ட வளைகோடு அழகாக வழுக்கி 0.5-ல் போய் ஒட்டிக்கொள்கிறது. கையால் வரைந்த கற்பனை என்று பார்த்தாலே தெரிகிறது. நிஜப் பதிவு கிடைக்காமலும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிறைவைக்கப்பட்டிருந்த ஜான் கெரிக் என்ற கணிதவியலாளர் நாணயத்தை 10,000 முறை சுண்டிக் கணக்கு வைத்தார். தலை 5,067. விகிதம் பாதிக்கு மிக அருகில் வந்துவிட்டது, ஆனால் தலைக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம் 134. பிள்ளைகள் மனதில் இருப்பது இதற்கு நேர் எதிர். தலை அதிகமாக விழுந்துவிட்டால், நாணயம் அதை ஞாபகம் வைத்திருந்து பூவைப் போட்டுச் சரிக்கட்டும் என்று நினைக்கிறார்கள். சரிக்கட்டுவதே இல்லை. மொத்தம் பெரிதாகப் பெரிதாக அந்த 134 சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு எண்ணை மட்டும் கரும்பலகையில் எழுதிப் பேசவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

கையேட்டில் இல்லாத, நாணயத்துக்கு நான் சேர்த்துக்கொண்ட செயல்பாடு ஒன்றைச் சொல்கிறேன். பாதி வகுப்பு நிஜமாக 100 முறை சுண்டி வரிசையாகத் தலை, பூ எழுத வேண்டும். மீதிப் பாதி சுண்டாமல் மனதில் தோன்றியபடி 100 எழுத வேண்டும். எந்தத் தாள் எது என்று பெயர் போடக் கூடாது. நான் வெளியே போய் வந்து தாள்களைப் பார்த்து, நிஜம் எது கற்பனை எது என்று பிரிப்பேன். பெரும்பாலும் சரியாக வரும். 100 சுண்டலில் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ விழுவது ஐந்தில் நாலு தடவை நடந்துவிடும். கற்பனையாக எழுதுகிறவர்களுக்கு நாலாவது தலைக்கே கை நடுங்கி, பூவுக்கு மாறிவிடுவார்கள். ரகசியத்தைச் சொன்னதும் எல்லோரும் தங்கள் தாளில் நீளமான தொடரைத் தேடுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவு ஆர்வத்தோடு பிள்ளைகள் எண்ணியதை நான் வேறு பாடத்தில் பார்த்ததில்லை.

புள்ளியியல் பக்கத்துக்கு வருவோம். இங்கே பெட்டி பலவீனம்தான், ஒரே ஒரு பொருளைத் தவிர. அது சராசரித் தராசு: 0 முதல் 10 வரை துளை போட்ட நீளமான பிளாஸ்டிக் பட்டை, தொங்கவிட இரும்பு வளையங்கள், நடுவில் நகர்த்தக்கூடிய தாங்கி. 3, 4, 8 என்று மூன்று எண்ணில் வளையத்தை மாட்டி, எங்கே தாங்கினால் பட்டை நேராக நிற்கும் என்று கேட்க வேண்டும். 5-ல் நிற்கும். இடது பக்கம் 2 தூரம், 1 தூரம், வலது பக்கம் 3 தூரம். கூட்டி வகுப்பதை மட்டுமே சராசரி என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இது பெரிய திறப்பு. 4-ல் இருக்கும் வளையத்தை 3-க்கு நகர்த்திவிட்டு, "வேறு எதை நகர்த்தினால் மறுபடி நேராகும்?" என்று கேளுங்கள். 8-ஐ 9-க்கு என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு 3, 4, 8-க்கே திரும்பி வந்து 8-ஐ மட்டும் 10-க்குத் தள்ளுங்கள். தராசு சாய்கிறது, தாங்கியை வலப்பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது. இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) மட்டும் 4-லேயே அசையாமல் இருக்கிறது. சராசரி எப்போது, இடைநிலை எப்போது என்ற விவாதத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

ஆனால் ஒன்று. பட்டைக்கும் எடை இருக்கிறது. தாங்கி நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக, நீளமான பக்கத்தின் சொந்த எடை இழுக்கிறது. சராசரி 2 வர வேண்டிய எண்களை மாட்டினால் 2-ல் நேராக நிற்காது, நடுப்பக்கமாகத் தாங்கியைத் தள்ளினால்தான் நிற்கும். கையேட்டின் இரண்டாவது உதாரணமே இப்படிப்பட்டது. செய்து பார்க்காமல் அச்சடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. சராசரி 4-க்கும் 6-க்கும் நடுவில் வருகிற எண்களாகத் தேர்ந்தெடுங்கள், ஒரு வளையத்துக்குப் பதில் ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு மாட்டுங்கள், பிரச்சினை பெருமளவு குறைந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் "ஏன் இங்கே மட்டும் பொய் சொல்கிறது?" என்று விட்டுவிட்டால் அறிவியல் ஆசிரியருக்கும் வேலை கிடைக்கும்.

மணிகள் ஆணிகளில் மோதி விழும் கால்டன் பலகையும் ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் வரிசைகள் அதிகம், மணிகள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன, ஒரு மணியின் பாதையைக் கண்ணால் தொடர முடியாது. நான்கே வரிசையும், ஒவ்வொரு மணியாகப் போடும் வசதியும் இருந்திருந்தால் ஒவ்வொரு தடுப்புக்கும் போகும் பாதைகளை 1, 4, 6, 4, 1 என்று எண்ணிப் பார்த்திருக்கலாம். இந்த வயதுக்கு அதுதான் தேவை.

தகவல் அட்டைகள் வீண். முகம் தெரியாத யாரோ சிலரின் உயரம், மதிப்பெண், காலணி அளவு. பிள்ளைகளுக்கு அதில் என்ன அக்கறை? அதற்குப் பதில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் முடிந்தது என்று தோன்றும்போது கை தூக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொருவரின் நொடியையும் எழுதி, பெட்டியில் வரும் எண்கோட்டு விரிப்பை மட்டும் தரையில் விரித்து, வில்லைகளை அடுக்கினால் ஐந்து நிமிடத்தில் புள்ளி வரைபடம் தயார். எல்லோரும் முதலில் தேடுவது தன் வில்லையைத்தான். ஒருவன் மற்றவர்களைவிட ரொம்பத் தள்ளி நிற்பான். "அவனை விட்டுடலாமா டீச்சர்?" என்ற கேள்வி தானாக வரும், விடலாமா கூடாதா என்பதற்குக் காரணம் கேட்டு நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாம். அப்புறம் மறுபடி ஒரு முறை செய்து, இரண்டாவது தடவை வீச்சு, அதாவது மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், குறைந்ததா என்று ஒப்பிடலாம்.

கணினி கிடைக்கும் பள்ளி என்றால், அட்டைகளுக்குப் பதில் கான்கார்ட் கன்சார்ட்டியம் என்ற அமெரிக்கக் கல்வி அமைப்பு வெளியிட்டுள்ள கோடாப் (CODAP) என்ற இலவச மென்பொருளைச் சொல்வேன். உலாவியிலேயே ஓடும். அதில் மாதிரியாக வரும் பாலூட்டிகள் அட்டவணையைத் திறந்தால், விலங்குகளின் எடை, வேகம், ஆயுள், தூங்கும் நேரம் எல்லாம் இருக்கும். தூங்கும் நேரத்தைப் பிடித்து வரைபடத்தின் அச்சில் போட்டால் புள்ளிகள் ஓடிப்போய் வரிசையில் நிற்கின்றன. வௌவால் ஒரு கோடியில், ஒட்டகச்சிவிங்கி மறுகோடியில். உணவு வகையை இன்னொரு அச்சில் போட்டதும், செடி தின்னும் விலங்குகள் பெரும்பாலும் குறைவாகத் தூங்குவது தெரிகிறது. ஏன் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அதையெல்லாம் சொல்லவிடுங்கள். நிகழ்தகவுக்கும் அதில் ஒரு மாதிரியெடுப்புக் கருவி இருக்கிறது, ஆயிரம் முறை உருட்டுவதை நொடியில் செய்துவிடும். ஆனால் கையால் உருட்டிக் களைத்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். முதலிலேயே திரையில் காட்டினால், எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைக்குத் தெரியாது, நம்பவும் மாட்டாள்.

சில நடைமுறை விஷயங்கள். பகடைகளை மேசைமேல் நேரடியாக உருட்டவிட்டால் சத்தமும் சண்டையும் அதிகம், பாதி நேரம் பெஞ்சுக்கு அடியில் தேடுவதிலேயே போகும். ஒரு குழுவுக்கு ஒரு தட்டு கொடுத்து, தட்டுக்கு வெளியே விழுந்தால் கணக்கில் சேராது என்று விதி வைத்துவிடுங்கள். பெட்டியில் பெரும்பாலானவை ஆறு குழுவுக்குத்தான் இருக்கின்றன, பெரிய வகுப்பு என்றால் பகடைகளையும் வில்லைகளையும் கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவற்றைச் சுழற்சி முறையில் கொடுக்கலாம். பாட்டில் மூன்றுதான். ஒட்டிய மூடிகளில் ஒன்று எங்களுக்குச் சீக்கிரமே தளர்ந்துவிட்டது, மூடியைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வாங்கியவுடனே மூன்றுக்கும் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் திறக்க முடியும் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்கே திறந்துவிடுவார்கள்.